தவசிங்கின் வலப்பக்கத்தில் ரூபவதியின் இடது சிறுநீரகம்

எங்கள் ஏலிம்புரத்தில், தவசிங்கின் வயிற்றுக்குள் வைக்கப்பட்ட அவன் அக்காள் ரூபவதியின் இடது சிறுநீரகம் முதன்முதலாகப் பேசியது ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அப்போது அவன் தன் மோட்டார் காயில் கட்டும் கடையில், யாரோ தோட்டத்துக்காரர் கொண்டுவந்து போட்ட மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பழைய கம்பிச் சுருளை எடுப்பதா புதியதை எடுப்பதா என்று தெரியாமல் அரை மணி நேரமாக இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏல, பழசத் தொடாத, புதுச எடு" என்று அடிவயிற்றின் வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் சொன்னது. அவன் புதியதை எடுத்துக் கட்ட ஆரம்பித்தான், அவ்வளவுதான். அவனுக்குப் பயமும் இல்லை, வியர்க்கவும் இல்லை. ஏனென்றால் இன்னதைச் செய் என்று அக்காள் குரல் சொல்வதும் அதை அவன் செய்வதும் முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், அன்றைக்கு அக்காள் மூன்று தெரு தள்ளிப் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் இருந்தாள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தேரிக்காட்டின் செம்மணல் முடிகிற இடத்தில் நூற்றெண்பது வீடும் ஒரு வேதக்கோயிலும் உள்ள ஊர் எங்களுடையது. எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்காரப் பாதிரி எங்கள் பனைகளைப் பார்த்து, வேதத்தில் வருகிற ஏலிம் என்ற பேரீச்சமரச் சோலை என்று நினைத்து ஏலிம்புரம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்த நினைப்பு தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். இப்போது இருக்கிற பாதிரியார், நாங்கள் ஐயர் என்போம், பெயர் ஞானாபரணம். மனுஷர் நல்லவர், ஆனால் முப்பது வருஷமாகத் தானாகவே எபிரெய மொழி படித்தவர், படித்ததைப் பிரசங்கத்தில் கொண்டுவந்து கொட்டாமல் அவரால் இருக்க முடியாது. மூக்குக்கு எபிரெயத்தில் என்ன, முழங்காலுக்கு என்ன என்று அவர் தொடங்கினால் ஆண்கள் பக்கம் பாதிப் பேர் கண்ணை மூடி ஜெபிப்பதுபோல் தூங்குவார்கள்.

சிறுநீரகம் பேசுவதற்கு முந்தின நாள், ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து தவசிங் முதல்முறையாகக் கோயிலுக்கு வந்திருந்த ஞாயிறு என்பதால், ஐயர் அதற்கென்றே ஒரு பிரசங்கம் தயார் செய்திருந்தார். எபிரெயர் சிறுநீரகங்களைக் 'கெலாயோத்' என்பார்கள் என்றும், நாம் மூத்திரம் பிரிக்கிற உறுப்பு என்று நினைத்துக் கூச்சப்படுகிறதை அவர்கள் மனுஷனுக்குள்ளேயே ஆக உள்ளே இருக்கிற இடம் என்று மதித்தார்கள் என்றும், ஆசையும் மனச்சாட்சியும் ஆலோசனையும் அங்கேதான் குடியிருக்கும், ஆண்டவர் ஒருவனைச் சோதித்தால் இருதயத்தோடு அதையும் சேர்த்துத்தான் சோதிப்பார் என்றும், நம்முடைய தமிழில்தான் அதை 'உள்ளிந்திரியம்' என்று போர்வை போர்த்திவிட்டார்கள் என்றும் சொன்னார். பிற்காலத்து யூத ரபிமார் இன்னும் ஒருபடி போய், மனுஷனுக்கு இரண்டு கெலாயோத், ஒன்று நல்ல ஆலோசனை சொல்லும், மற்றது கெட்ட ஆலோசனை சொல்லும், நல்லது வலது பக்கம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது என்று சொன்னார்களாம். அன்றைக்கு மட்டும் எங்களில் ஒருவரும் தூங்கவில்லை, ஏனென்றால் அந்தச் சாமான் ஊரைவிட்டு ஊர் போவதுபோல ஒரு உடம்பைவிட்டு இன்னொரு உடம்புக்குப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம்.

ரூபவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, சத்துணவு அமைப்பாளர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி ஐந்தாம் வகுப்பு. அவன் படித்து முடிக்கட்டும் என்றாள், பிறகு தொழில் படியட்டும் என்றாள், அதற்குப் பிறகு அவன் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய் டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினில் படுக்கும்படி ஆனதால் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. ஊரில் பெண் பார்ப்பதா, கிணறு தோண்டுவதா, மகனை எந்தக் காலேஜில் போடுவதா என்று எதுவானாலும் நாங்கள் ரூபவதியிடம்தான் போய் நிற்போம், அவளும் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்து அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்குக் கூடத்துப் படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்வாள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் நாளில் உட்காருகிற நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரையும் அனுப்பும்போது டாக்டர் தவசிங்குக்குப் பதினோரு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார், ரூபவதிக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை நாங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்தோம். மற்றச் சீட்டு பைக்குள்ளேயே கிடந்தது.

சிறுநீரகம் பேசுகிற விஷயத்தை தவசிங் புதன்கிழமைதான் வெளியே சொன்னான், அதுவும் பேச்சோடு பேச்சாக. வியாழக்கிழமை சபைச் செயலாளர் சிமியோன் சார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சோதித்துப் பார்க்க வந்து, தன் வீட்டு மாடிப்படியை உள்பக்கம் வைப்பதா வெளிப்பக்கம் வைப்பதா என்று கேட்டார். மூன்று மணி ஆனதும் தவசிங் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு முட்டுவலி இருக்குல்லா, மாடி எதுக்குன்னு கேக்கு சார்" என்றான். சிமியோன் சாருக்கு முட்டுவலி இருப்பது அவர் பெஞ்சாதிக்கும் ரூபவதிக்கும் மட்டும்தான் தெரியும். அவர் எழுந்து, கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடை வாசலில் கூட்டம். வெள்ளரி நடலாமா, மருமகளைப் பிரசவத்துக்கு அனுப்பலாமா, பிரிந்துபோன தம்பியோடு பேசலாமா என்று கேட்டார்கள், அதற்கெல்லாம் அது அன்றன்றைக்கு மூன்று மணிக்கு, தவசிங்குக்கு மட்டும் கேட்கும்படி பதில் சொன்னது. கேள்வி கேட்க வராதவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அது எபிரெயம் பேசுமா என்று தெரிந்துகொள்ள ஞானாபரணம் ஐயருக்கு அடங்காத ஆசை. ஒருநாள் குனிந்து தவசிங்கின் சட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து எபிரெயத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். "என்னத்தக் கேக்காவ, ஐயாவுக்குப் பசிக்கா?" என்று அது கேட்டதாக தவசிங் சொன்னபோது ஐயருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டாக்டரிடம் சொன்னதற்கு அவர் ரத்தத்தில் கழிவு எவ்வளவு என்று காட்டுகிற ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு. இப்படி இருந்தா பாட்டுகூடப் பாடட்டும்" என்றாராம்.

சபைக் கமிட்டிக்கு வந்த சிக்கல் வேறு. ரபிமார் கணக்குப்படி இடது சிறுநீரகம் கெட்ட ஆலோசனை சொல்வது. டாக்டர்மார் எடுத்தது ரூபவதியின் இடது. ஆனால் அதை அவர்கள் தவசிங்குக்கு வைத்தது அடிவயிற்றின் வலது பக்கம். அப்படியானால் அது இடதா வலதா?

"இடது பக்கச் சக்கரத்தக் கழத்தி வலது பக்கம் மாட்டினா அது வலது சக்கரந்தான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் சிமியோன் சார்.

மணி அடிக்கிற கோயில்பிள்ளை வாசலில் நின்றபடியே, "இடது காலு செருப்ப வலது கால்ல போட்டா அது வலது செருப்பா ஆயிருமா சார்?" என்று கேட்டார்.

கமிட்டி காலை பத்து மணியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்தும் முடிவு வரவில்லை. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி விளக்கம் கேட்டார்கள், 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று பதில் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. கடைசியில், விளக்கம் வருகிறவரை அதன் ஆலோசனையைக் கேட்கலாம், ஆனால் ஒருமுறை ஜெபித்த பிறகே அதன்படி செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். நாங்களும் அப்படியே செய்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அதனோடு ஊருக்கு ஒத்துப்போகவில்லை. அதற்கு உப்பு ஆகாது. யார் எதைக் கேட்டாலும் பதில் முடிகிறபோது "உப்பக் கொறைங்க" என்று சேர்த்துக்கொள்ளும், நாங்களும் குறைத்தோம், கருவாட்டுக்காரி எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்தினாள். அந்த வருஷத்து அசனப் பண்டிகையில், ஊரே சேர்ந்து ஆட்டுக்கறியும் சோறும் ஆக்கிக் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தில், பதினெட்டு ஆட்டுக்கு அரை உப்பு போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் இலையைப் பார்த்தோம்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது, அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. ரூபவதியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது. ஆலோசனை சொல்கிற சாமானைத்தான் அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டாளே, அவளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தோம். அவள் எதிரே வந்தால், "தவசி கடையில இருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனோம். அவள் சிரித்துக்கொண்டுதான் போனாள், ஆனால் எந்தச் சிரிப்பு என்று எங்களில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மிஷின் ஓடுகிற அறைக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சு உண்டு. இரண்டு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் ரூபவதி அந்த பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, அதன் மறு நுனியில் தன் அண்ணனுக்காக ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். பெயர் யேசுவடியான், கடற்கரை உப்பளத்தில் கங்காணி வேலை, ஐம்பத்தொரு வயது, பெஞ்சாதி இறந்து ஆறு வருஷம். முதல் நாலு மாதம் அவர்கள் பேசவில்லை. ஐந்தாவது மாதம் அவர் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி, மூடியைத் துடைத்து, பெஞ்சில் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் தள்ளி வைத்தார். உள்ளே படுத்திருந்த தவசிங்குக்கு இது தெரியாது, வெளியே இருந்த எங்களுக்கும் தெரியாது.

அண்ணன் தவறிப்போய் ஒரு வருஷம் முடிந்ததும் யேசுவடியான் வேட்டி சட்டையோடு பஸ் ஏறி வந்து, ஞானாபரணம் ஐயர் வீட்டில் உட்கார்ந்து முறையாகப் பெண் கேட்டார். ஐயர் ரூபவதியைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படிம்மா?" என்று கேட்க, அவள், "எனக்குச் சம்மதம் ஐயா. ஓலை வாசிங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்காமல் தனக்கென்று அவள் சொன்ன ஒரே பதில் அதுதான்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம், இது முதலாம் ஓலை என்று ஐயர் வாசிப்பார், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை, அதற்கடுத்தது மூன்றாம் ஓலை. அந்த ஞாயிறு ரூபவதியின் பெயரை வாசித்ததும் கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "கெலாயோத்து என்ன சொல்லுது? அதக் கேட்டாச்சா?" என்றது. ஆமாம் என்று எல்லாரும் தலையை ஆட்டினோம். மாடிப்படிக்கும் வெள்ளரிக்கும் கேட்டுவிட்டு இதற்குக் கேட்காமல் விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று மணிக்கு ஊரே தவசிங் கடை முன்னால் நின்றது. ரூபவதியும் குடை பிடித்துக்கொண்டு உடைமரத்தடியில் நின்றாள். ஓலை வாசிக்கிற நாள் என்று வந்திருந்த யேசுவடியான் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தவசிங் தலையைச் சாய்த்தான். அது சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது: "நல்ல மனுசன். சரின்னு சொல்லு. அவ போவட்டும்."

அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் தெருக்கோடியில் அவர்கள் வீட்டுக் கதவு தெரிந்தது. அவள் போன பிறகு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனால் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், ஒன்றும் இருக்காது என்று தோன்றியது, காய்ச்சல் வந்தால் யார் தூக்குவார்கள், பதினோரு மாத்திரையில் எது எப்போது என்று யார் சொல்வார்கள் என்று பயம் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு முடிவும் தானாக எடுக்காத தவசிங் அந்த நிமிஷத்தில் தானாக ஒன்று எடுத்தான்.

"வேண்டாங்குது" என்றான்.

ரூபவதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் வயிற்றைப் பார்த்தாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கி, வெயிலிலேயே நடந்து போனாள். யேசுவடியான் எழுந்து எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பிளாஸ்க்கை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. ஓலைக்குத் தடை சொல்ல ஒரு சிறுநீரகத்துக்கு உரிமை உண்டா? சிமியோன் சார் பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்து, நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ரூபவதிக்கு இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது மேற்படி சிறுநீரகமும் உள்ளே இருந்திருக்கிறது, பிறகு அவளை முழு உறுப்பினராக்கிய திடப்படுத்தலின்போதும் இருந்திருக்கிறது, ஆகவே அது சபையின் முழு உறுப்பினர், அதன் தடை செல்லும் என்று சொன்னார். கோயில்பிள்ளைகூட இதற்குத் தலையை ஆட்டினார். இரண்டாம் ஓலை நிறுத்தி வைக்கப்பட்டது.

மறுநாள் மூன்று மணிக்குச் சிறுநீரகம் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. வந்தவர்களிடம் தவசிங், "இன்னிக்கு ஒண்ணுஞ் சொல்லல" என்று சொல்லி அனுப்பினான். வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான், கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது. அடுத்த புதன் இரண்டு புள்ளி ஆறு. பாதம் வீங்கியது, மோதிரம் கழலவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், ஒரு மாத்திரையை மாற்றினார், இன்னும் ஏறினால் வந்து படுக்க வேண்டியதுதான் என்றார். ரூபவதி பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். ஐயர் மூலமாக உப்பளத்துக்கு, 'இது நடக்காது, மன்னிக்கணும்' என்று சொல்லி அனுப்பினாள். தம்பிக்கு உப்பில்லாமல் கஞ்சி வைத்தாள், வீங்கின காலைத் தலையணையில் தூக்கி வைத்தாள், கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஓலை இல்லை. அந்த வாரத்தில் ஞானாபரணம் ஐயர் ஜெபிக்க வந்தார், ஜெபித்து முடித்ததும் ஆவல் தாங்காமல், "இப்பவாவது ஏதாவது சொல்லுச்சா தவசி?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா."

"பழைய பலிகள்ல மிருகத்தோட கெலாயோத் ரெண்டையும் கொழுப்போட சேத்து எடுத்து பீடத்துல எரிச்சிருவாங்க. மனுஷன் அதத் தின்னக்கூடாது, அது ஆண்டவருக்குன்னே உள்ள பங்கு. ஏன் அப்படின்னு நான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அவ்வளவு உள்ள இருந்து வர்றத நாம நம்ம வசதிக்கு எடுத்துக்கக்கூடாதுன்னு இருக்கும்னு தோணுது. எனக்கு நிச்சயமாத் தெரியாது." ஐயர் எப்போதும் இப்படித்தான், முடிவு சொல்லாமல் எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு தவசிங் கட்டிலில் படுத்தபடி வழக்கம்போல உள்ளே காது கொடுத்துக் காத்திருந்தான். உள்ளே ஒன்றும் கேட்காததால் வெளியே பார்த்தான். அடுப்பங்கரைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ரூபவதி அவனுடைய துணிகளைத் துவைத்து நிரப்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பாதியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு அவள் உட்காருகிறவள் என்பது தவசிங்குக்கு நினைவு வந்தது. தன் உடம்பு கெட்ட இத்தனை வருஷத்தில் தன் உடம்பைத் தவிர இன்னொரு உடம்பு இந்த வீட்டில் நடமாடுவதை அவன் இப்போதுதான் பார்த்தான். பார்த்ததும் அழுகை வந்தது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான்.

மூன்றாவது ஞாயிறு அவனே ஆட்டோ பிடித்துக் கோயிலுக்கு வந்தான். அறிவிப்பு நேரத்தில் ஐயர் ஓலைப் பக்கத்தைத் திருப்பித் தள்ளும்போது, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அது வேண்டாம்னு சொல்லல" என்றான். "நாந்தாஞ் சொன்னேன். அது நல்ல மனுசன், சரின்னு சொல்லு, அவ போவட்டும்னுச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. அக்கா போயிட்டா நான் என்ன செய்வேன்னு பொய் சொல்லிட்டேன்."

சிமியோன் சார்தான் முதலில் வாய் திறந்தார். "அப்படின்னா தடை வாபஸ்னு எடுத்துக்கலாம். சிறுநீரகம் சம்மதிச்சிட்டதால ரூபவதிக்கும் சம்மதம்னு ஆகுது."

பெண்கள் பக்கத்தில் ரூபவதி எழுந்தாள். அவள் கோயிலில் குரலை உயர்த்தி அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை.

"எஞ்சம்மதத்த நான் மொத ஓலைக்கு முன்னாலயே ஐயாகிட்டச் சொல்லியாச்சு சார். இந்த ஊர்ல ஒருத்தராவது எங்கிட்ட வந்து கேட்டியளா? அவன் வயித்துகிட்டப் போயிக் கேட்டிய. நான் குடை பிடிச்சிக்கிட்டு அங்கனதான நிக்கேன், என்னைய ஏறிட்டுப் பாத்து, ரூபவதி, ஒனக்கு எப்படின்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

நாங்கள் கேட்கவில்லை.

பிறகு அவள் தம்பியைப் பார்த்தாள், குரல் இறங்கிவிட்டது. "ஏல தவசி, அது என்னுது இல்லல. குடுத்தது குடுத்ததுதான், அது ஒன்னுதாயிட்டு. சிமியோன் சாருக்கு முட்டுவலின்னு நான் ஒரு நாள் வீட்டுல சொன்னத நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்த. அக்கா போவட்டும்னு உள்ள இருந்து சொன்னதும் நீதான், வெளிய நின்னு பொய் சொன்னதும் நீதான். ரெண்டு பேரும் நீதான். இன்னிக்கு எந்திரிச்சி நின்னியே, அவனத்தான் நான் வளத்தேன்."

தவசிங் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எங்கள் ஐயர் மேடையில் நின்றபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முப்பது வருஷமாக எபிரெயம் படித்தவர் முதல்முறையாக அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பக்கத்தைத் திரும்பத் திருப்பி, "இது இரண்டாம் ஓலை" என்று வாசித்தார்.

அடுத்த வெள்ளி கிரியாட்டினின் ஒன்று புள்ளி மூன்று. மாத்திரையை மாற்றியதால் இறங்கியது என்று சிலர் சொல்கிறார்கள், சொல்லட்டும். யேசுவடியானுக்கு ஐயரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் ஓலை முடிந்து, கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்திருந்தார்கள், சமையல்காரர் அளவு கேட்டபோது நாங்கள் எல்லாரும் பழக்கத்தில் தவசிங்கைப் பார்த்தோம். அவன், "எங்கிட்ட எதுக்குக் கேக்கிய, அக்காகிட்டக் கேளுங்க" என்றான். ரூபவதி மணப்பெண் சேலையோடு வந்து ஒரு துளி குழம்பைக் கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு கை போடச் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு நன்றாக இருந்தது.

உப்பளத்துப் பக்கம் போகிற பஸ் எங்கள் ஊருக்கு மூன்று மணிக்கு வரும். ஊரே நிறுத்தத்தில் நின்றது. ரூபவதி யேசுவடியானுக்குப் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்ததும், தலையை வெளியே நீட்டி, "ஒம்பது மணி மாத்திரை எதுல இருக்கு?" என்று கேட்டாள். "நீல டப்பா" என்றான் தவசிங். "சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?" "முந்தி." அவள் தலையை ஆட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினான்.

அப்போதுதான் தவசிங் சட்டென்று தலையைச் சாய்த்தான், நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அது பேசி ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் திரும்பி, நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தன் கடைக்குள் ஓடினான், வேட்டி தடுக்க ஓடினான், பெஞ்சில் இத்தனை நாளாகக் கிடந்த யேசுவடியானின் பிளாஸ்க்கை எடுத்து, குடத்துத் தண்ணீரை அதில் வழிய வழிய மொண்டு ஊற்றி மூடிக்கொண்டு, நகர ஆரம்பித்த பஸ்ஸின் பக்கத்தில் ஓடிவந்து சன்னல் வழியாக அக்காள் மடியில் வைத்தான்.

"எக்கா, ஒனக்கும் ஒண்ணுதான இருக்கு" என்றான் மூச்சிரைக்க. "தண்ணி குடி. மூணு லிட்டர்."

ரூபவதி அவனைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குடித்தாள். பஸ் உடைமரங்களுக்குப் பின்னால் திரும்புகிறவரை குடித்துக்கொண்டே போனாள்.

அது சொல்லித்தான் அவன் ஓடினானா, அவனாகவே ஓடினானா என்று அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டியில் பேச்சு வந்தது. அவனிடமே கேட்டோம். தவசிங் வலப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றான்.